துண்டுக்கு அடியில் பேசப்படும் விலை

வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலை, "கணினி அமைப்புகளை வாங்குமுன் நல்ல ஆலோசகர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. நியாயமான கேள்விதான். ஆகவே இந்த இதழில் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்களுடையது 200 பேர் வேலை செய்யும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். இ.ஆர்.பி. (கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும்) மென்பொருள் போட முடிவு செய்தபோது, தெரிந்தவர் மூலம் ஓர் ஆலோசகர் வந்தார். தமக்குக் கட்டணம் எதுவும் வேண்டாம் என்றார். மூன்று நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, ஒன்றைப் பரிந்துரைத்தார். வாங்கி ஆறு மாதம் கழித்து ஒரு கண்காட்சிக்குப் போனபோது, அதே நிறுவனத்தின் அரங்கில் அவர்கள் சட்டையை அணிந்துகொண்டு அவர் நின்றிருந்தார். இது மோசடியா? சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?
— ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டை விரித்துக் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைப் பற்றி விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மறைவாக இருப்பது விலை மட்டுமே. அவர் தரகர் என்பதும், அவருக்குத் தரகு உண்டு என்பதும் சந்தைக்கே தெரியும். உங்களிடம் வந்தவரோ விலையை அட்டவணை போட்டு வெளிப்படையாகக் காட்டிவிட்டு, தாம் தரகர் என்பதைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். விற்பனை நிறுவனம் ஒன்றோடு தொடர்பு வைத்திருப்பது குற்றமன்று. அத்தொடர்பைச் சொல்லாமல் உங்கள் பக்கத்து ஆளாக உட்கார்ந்து முடிவெடுக்க உதவியதுதான் பிழை. நலன் முரண்பாடு என்று நிர்வாகத்தில் சொல்வது இதைத்தான்.

கட்டணம் வேண்டாம் என்று அவர் சொன்னபோதே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் உங்களுக்காக அலைகிற ஒருவரும் குடும்பம் நடத்தியாக வேண்டும். உங்களிடமிருந்து வராத பணம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது, அது கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறுகிறது. இந்த விஷயத்தில் நம்மவர்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. பொருளுக்குப் பணம் எடுத்து வைக்கத் தயங்காத நாம், சொல்லுக்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறோம். பெட்டியில் வந்து இறங்கினால் பத்து லட்சம் கொடுப்போம், யோசனைக்கு ஐம்பதாயிரம் கேட்டால், "பேசுவதற்கா இவ்வளவு?" என்போம். அதனால் யோசனை சொல்பவரும் தம் கூலியைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டார்.

உங்களுக்கு ஏற்பட்ட இழப்பில் தரகுத் தொகை சிறிய பங்குதான். பெரிய பங்கு, கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே அவர் எழுதிக் கொடுத்த தேவைப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் தொழிலில் துணி கிலோ கணக்கில் சாயப்பட்டறைக்குப் போகிறது, எடை குறைந்து திரும்புகிறது. அந்தக் குறைவு நியாயமானதா என்று ஆர்டர் வாரியாகக் கணக்குப் பார்க்க முடிந்தால்தான் ஓர் ஆர்டரில் லாபமா நட்டமா என்பது தெரியும். ஒரு மென்பொருளால் அந்தக் கணக்கைப் போட முடியாதென்று வைத்துக்கொள்வோம். அதனோடு தொடர்புள்ள ஆலோசகர் "முடியாது" என்று எழுத மாட்டார். அந்தத் தேவையே பட்டியலில் ஏறாதபடி பார்த்துக்கொள்வார். பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு மதிப்பெண்ணும் இல்லை. எனவே மூன்று கொட்டேஷன்களும் ஒப்பீட்டு அட்டவணையும் மதிப்பெண் கூட்டலும் ஒழுங்காகவே இருக்கும். முடிவு மட்டும் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பழைய பட்டியலை எடுத்து, உங்கள் சாய எடைக் கணக்கும், வெளியாரிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் பாக்கியும் அதில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். அவர் நின்றிருந்த அரங்கைவிட அந்தப் பட்டியல் அதிகம் சொல்லும்.

சட்டத்தைப் பொறுத்தவரை அதிகம் நம்பிக்கை தர முடியவில்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர்களைச் சுற்றி அமைந்தது. இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு இடையே கைமாறும் இரகசியத் தரகுக்கென்று இந்தியாவில் தனியான குற்றவியல் சட்டம் இல்லை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் லஞ்சச் சட்டம் தனியார் பரிமாற்றங்களுக்கும் பொருந்தும். நமக்கு அப்படி ஒன்று வரவில்லை. ஆயினும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். முதல்வர், அதாவது முகவரை அமர்த்தியவர், அறியாமல், முகவர் அவருடைய காரியத்தில் தம் சொந்தக் கணக்கில் ஈடுபட்டு ஆதாயம் அடைந்தால், அந்த ஆதாயத்தை முதல்வர் கேட்டு வாங்கலாம் என்று 216ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் சார்பில் அவர் பேரம் பேசினாரா, அல்லது வெறுமனே கருத்துச் சொன்னாரா என்பதைப் பொறுத்தே அவர் சட்டத்தின் கண்ணில் முகவரா என்பது முடிவாகும். எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் வழக்கறிஞருக்கு வேலை கடினம்.

வழக்கைவிட உடனே பயன் தருவது வேறொன்று. விற்பனை நிறுவனத்துக்கே நேராக எழுதி, இந்த விற்பனைக்காக எவருக்கேனும் தரகு கொடுக்கப்பட்டதா, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்திலும் அவருக்குப் பங்கு போகிறதா என்று கேளுங்கள். பங்கு போவது தெரிந்தால், அடுத்த ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேச்சில் அந்தத் தொகையைக் கழித்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் வாடிக்கையாளரை இழப்பதைவிட அதைக் குறைத்துக் கொடுப்பதையே விரும்பும்.

கேள்வி: எங்கள் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் நிறுவனமே கணக்கு மென்பொருளையும் அமைத்துத் தருவதாகச் சொல்கிறது. நம்பிக்கையானவர்கள்தாம். ஏற்கலாமா?
— நிதி மேலாளர், ஓசூர்

பதில்: உங்களுடையது கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனமென்றால், ஏற்கவே முடியாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 144ஆம் பிரிவில், சட்டப்படியான தணிக்கையாளர் செய்யக் கூடாத பணிகளைப் பட்டியலிடுகிறது. நிதித் தகவல் அமைப்பை வடிவமைப்பதும் நிறுவுவதும் அவற்றுள் ஒன்று. நேரடியாக மட்டுமன்றி, உறவினர் வழியாகவோ தொடர்புடைய நிறுவனத்தின் வழியாகவோ செய்வதும் தடையே. தாம் கட்டிய வீட்டுக்குத் தாமே உறுதிச் சான்று எழுதக் கூடாது என்பதுதான் காரணம். அமெரிக்காவில் கணக்கு மோசடியால் திவாலான என்ரான் நிறுவனத்தின் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன், 2000ஆம் ஆண்டில் தணிக்கைக்காக 2.5 கோடி டாலரும் ஆலோசனை முதலிய பிற பணிகளுக்காக 2.7 கோடி டாலரும் அதே நிறுவனத்திடம் பெற்றிருந்தது. என்ரான் விழுந்தபின் 2002இல் வந்த சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டமும் இதே தடையை விதித்தது. கூட்டாண்மை நிறுவனங்களுக்கு 144ஆம் பிரிவு பொருந்தாது; ஆனால் அதன் காரணம் அங்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு ஸ்மார்ட் வகுப்பறைகளும் வளாக மேலாண்மை மென்பொருளும் வாங்க ஆலோசகரை அமர்த்தி, டெண்டர் விவரக் குறிப்பையும் அவரையே எழுதச் சொன்னோம். ஆறு நிறுவனங்கள் விசாரித்தும் ஒன்றே ஒன்றுதான் விண்ணப்பித்தது. ஆலோசகர் மீது சந்தேகிக்க எங்களிடம் ஆதாரம் ஏதும் இல்லை. குறிப்பைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?
— கல்லூரிச் செயலாளர், திண்டுக்கல்

பதில்: உண்டு. மற்ற ஐந்து நிறுவனங்கள் ஏன் ஒதுங்கின என்று முதலில் அவர்களையே கேளுங்கள். தொலைபேசியில் ஐந்து நிமிடம் போதும். வேலை கிடைக்காது என்று தெரிந்த இடத்தில் யாரும் முன்வைப்புத் தொகை கட்ட மாட்டார்கள். எந்த வரியைப் பார்த்து ஒதுங்கினார்கள் என்று அவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

அடுத்து, குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, "இது எங்கள் கல்லூரியில் யாருக்கு, எதற்குத் தேவை?" என்ற கேள்விக்கு உங்கள் பேராசிரியர்களைக் கொண்டு பதில் எழுதுங்கள். தேவையிலிருந்து பிறந்த வரிக்கு உடனே பதில் கிடைக்கும். ஒரு நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டிலிருந்து பிறந்த வரிக்குக் கிடைக்காது. "திரையில் எழுதுவது கடைசி வரிசை மாணவருக்குத் தெரிய வேண்டும்" என்பது தேவை. திரையின் விளிம்பு இத்தனை மில்லிமீட்டர், பேனாவின் எடை இத்தனை கிராம் என்பவை ஏற்கெனவே யாரோ தயாரித்து வைத்திருக்கும் பொருளின் அங்க அடையாளங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சர்வர் வாங்க ஆலோசகர் எழுதிய குறிப்பில் ஒரு சொல் எழுத்துப் பிழையோடு இருந்தது. அந்தப் பிழை ஒரு நிறுவனத்தின் கையேட்டிலும் அதே இடத்தில் அப்படியே இருந்ததை எங்கள் கிடங்குப் பொறுப்பாளர்தான் கண்டுபிடித்தார். அவர் கணினி படித்தவர் அல்லர்.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 144ஆம் விதி இதற்கு நல்ல அளவுகோல். வாங்கப்போகும் பொருளின் விவரம், அது செய்ய வேண்டிய பணியின் அடிப்படையில், பொதுவானதாகவும் அளந்து பார்க்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட வணிகப் பெயரையோ அடையாளத்தையோ கோரக் கூடாது என்கிறது அது. தனியார் கல்லூரிக்கு இந்த விதி கட்டாயமன்று. கடைப்பிடித்தால் தடுப்பாரும் இல்லை.

டெண்டரை ரத்து செய்துவிட்டு, தேவைப் பட்டியலை உங்கள் துறைத் தலைவர்கள் எழுத, ஆலோசகர் அதைத் தொழில்நுட்ப மொழியில் ஒழுங்குபடுத்த மட்டும் செய்யட்டும். ஆதாரமில்லாமல் அவரைக் குற்றம் சாட்ட வேண்டாம். ஒரே நிறுவனத்தின் பொருளோடு பத்தாண்டு பழகியவருக்கு உலகமே அந்தப் பொருளின் வடிவில் தெரிவதும் உண்டு, அது திருட்டன்று. ஆனாலும் டெண்டரில் அதன் விளைவு ஒன்றேதான்.

கேள்வி: ஆலோசகரைக் கண்காணிக்க இன்னொரு ஆலோசகரை அமர்த்தும்படி எங்கள் இயக்குநர் ஒருவர் சொல்கிறார். இது பயன் தருமா?
— தலைமை நிர்வாகி, தனியார் மருத்துவமனை, மதுரை

பதில்: நியூயார்க் மாநகராட்சியின் கதையைச் சொல்கிறேன்; முடிவை நீங்கள் எடுங்கள். தன் ஊழியர்களின் வேலை நேரத்தைக் கணினியில் பதிவு செய்து சம்பளம் கணக்கிட, அந்த மாநகராட்சி 1998இல் சிட்டிடைம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊழியர்கள் பொய் நேரம் எழுதக் கூடாதென்று உள்ளங்கையை அளக்கும் கருவிகளெல்லாம் வைத்தார்கள். சுமார் 6.3 கோடி டாலரில் முடிய வேண்டிய திட்டம் 70 கோடி டாலரையும் தாண்டியது. எஸ்.ஏ.ஐ.சி. என்ற பெரிய நிறுவனம் முதன்மை ஒப்பந்ததாரர். அதன் வேலையின் தரத்தைக் கண்காணிக்க, நீங்கள் சொல்வதைப் போலவே, தனியாக ஆலோசகர்களை மாநகராட்சி அமர்த்தியிருந்தது.

ஊழலின் நடுப்புள்ளி அந்தக் கண்காணிப்பாளரிடம்தான் இருந்தது. துணை ஒப்பந்ததாரராக ஒரு சிறிய நிறுவனத்தை அவர் உள்ளே கொண்டுவந்தார். அந்த நிறுவனத்தின் ஆட்கள் வேலை செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவருக்குப் பங்கு போனது. 2006இல் ஒப்பந்தத்தின் தன்மையே மாறியது: இத்தனை வேலைக்கு இத்தனை பணம் என்றிருந்தது, செலவான நேரத்துக்குப் பணம் என்றாயிற்று. அதன்பின் வேலை தாமதமாகத் தாமதமாக எல்லாருக்கும் லாபம். மாநகராட்சிக்கு மட்டும் நட்டம். 2010 டிசம்பரில் குற்றச்சாட்டுகள் வந்தன. 2012இல் எஸ்.ஏ.ஐ.சி. 50 கோடி டாலருக்கும் மேல் கட்ட ஒப்புக்கொண்டது. கண்காணிப்பு ஆலோசகர் 2013இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

ஆகவே இரண்டாம் ஆலோசகரை அமர்த்துவதானால், அவருக்கும் முதலாமவருக்கும் விற்பனை நிறுவனத்துக்கும் இடையே பணப் போக்குவரத்து எதுவும் இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். துணை ஒப்பந்ததாரர் யார் யார் என்ற பட்டியலையும் கேளுங்கள். தொடர்புகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நேரத்துக்குப் பணம் என்ற ஒப்பந்தத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பில்களைப் படிப்பதற்கு உங்கள் சொந்த ஊழியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வேலையை மூன்றாவது ஆலோசகரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் தனியாகத் தொழில்நுட்ப ஆலோசனை செய்து வருகிறேன். இணையம் வழியாகக் கணினி வசதியை வாடகைக்குத் தரும் இரண்டு கிளவுட் நிறுவனங்களின் பார்ட்னர் திட்டத்திலும் இருக்கிறேன். பரிந்துரைத்தால் கமிஷன் உண்டு. வாடிக்கையாளர்கள் கட்டணம் தருவதில்லை, இந்தக் கமிஷனில்தான் பிழைப்பு. உங்கள் பக்கத்தில் எங்களைத் திருடர்களைப் போல் எழுதுவது நியாயமா?
— ஆலோசகர், கோயம்புத்தூர்

பதில்: இன்னும் அப்படி எழுதவில்லை, தம்பி, ஆனால் எழுதிவிடுவேனோ என்ற உங்கள் அச்சம் நல்ல அறிகுறிதான். கட்டணம் தராத வாடிக்கையாளரும் இந்தப் பிழையில் பாதிப் பங்காளி என்று திருப்பூர்க்காரருக்கே எழுதியிருக்கிறேன்.

பார்ட்னர் திட்டம் என்பது பொதுச் சொல்; அதற்குள் பலவகைத் தொடர்புகள் இருக்கின்றன, எல்லாமும் ஒரே எடை உடையவை அல்ல. ஒரு நிறுவனத்தின் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றிருப்பது உங்கள் அறிவுக்குச் சான்று. அதில் மறைக்கவும் ஒன்றுமில்லை, அஞ்சவும் ஒன்றுமில்லை. அவர்களுடைய மென்பொருளை நிறுவிக் கொடுக்கும் ஒப்பந்தம் உங்களிடம் இருந்தால், பரிந்துரைக்குப்பின் வரும் வேலை உங்களுக்கே கிடைக்கும். அது சற்றுக் கனமான தொடர்பு. பரிந்துரைத்தாலே பணம் என்பது இன்னும் கனமானது. ஆண்டு இறுதியில் இத்தனை விற்றால் மேல்தட்டுப் பார்ட்னர் என்ற இலக்கு இருக்கிறதே, அது எல்லாவற்றிலும் கனமானது. ஏனென்றால் மார்ச் மாதம் உங்களிடம் வரும் வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்பதை அவருடைய தொழிலைவிட உங்கள் இலக்கே அதிகம் தீர்மானிக்கும்.

நீங்கள் சொல்லும் இதே ஏற்பாடு அமெரிக்காவில் பெரிய வழக்காக நடந்தது. ஆலோசனை நிறுவனங்கள் அரசுத் துறைகளுக்குக் கணினிகளையும் மென்பொருள்களையும் பரிந்துரைத்தன. அவற்றை விற்ற நிறுவனங்களோடு கூட்டணி ஒப்பந்தங்கள் செய்துகொண்டு, அந்தப் பரிந்துரைகளின் பேரில் பணமும் பெற்றன என்பது குற்றச்சாட்டு. ஆலோசனைத் தொழிலின் உள்ளிருந்த இருவர் 2004இல் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதற்குப் பயன்பட்ட சட்டம், லிங்கன் காலத்தில், 1863இல், போர்ப்படைக்குச் சரக்கு விற்ற ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வந்தது; காட்டிக்கொடுத்தவருக்கு மீட்ட தொகையில் பங்கு தரும் சட்டம். 2007இல் அரசும் வழக்கில் சேர்ந்துகொண்டது. ஹியூலெட்–பேக்கர்ட் 2010இல் 5.5 கோடி டாலரும், அக்சென்ச்சர் 2011இல் 6.3 கோடி டாலருக்கு மேலும் செலுத்தி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே வழக்கை முடித்துக்கொண்டன. எல்லாரும் செய்வதுதானே என்ற வாதம் அந்தப் பெரிய நிறுவனங்களுக்கும் இருந்திருக்கும்.

நம் நாட்டிலேயே வேறு துறைகள் இந்தக் கேள்வியைக் கடந்துவந்திருக்கின்றன. பரிசோதனைக் கூடத்துக்கு நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறைகள் தடை செய்கின்றன. முதலீட்டு ஆலோசகர்களுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2013இல் கொண்டுவந்த விதிகள், 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் சேர்த்து வாங்க முடியாதபடி பிரித்துவிட்டன. மருத்துவரும் முதலீட்டு ஆலோசகரும் ஒழுங்காகிவிட்டார்களா என்று கேட்காதீர்கள். கோடு எங்கே இருக்கிறது என்பதாவது அங்கே தெளிவாகிவிட்டது. உங்கள் தொழிலில் கோடு போட எவரும் வரவில்லை, நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு மூன்று நேர்மையான வழிகள் தெரிகின்றன. வாடிக்கையாளரிடம் மட்டும் கட்டணம் வாங்கிக் கமிஷனைத் துறந்துவிடலாம். தொடக்கத்தில் பட்டினி போடும் வழி இது. அல்லது கமிஷனை வாங்கி, வந்த தொகையை வாடிக்கையாளரின் கட்டணத்தில் கழித்துக் காட்டலாம்; என் கணக்கில் உங்கள் நிலையில் இருப்பவருக்கு இதுவே பொருந்தும். அல்லது, "நான் இந்த இரண்டு நிறுவனங்களின் விற்பனையாளர், இவற்றுள் உங்களுக்கு எது பொருந்தும் என்று சொல்வேன், இவற்றுக்கு வெளியே நான் பார்க்க மாட்டேன்" என்று அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம். விற்பனையாளர் என்பது கௌரவக் குறைவான சொல் அன்று. ஆலோசகர் என்ற சொல்லை அதன்மேல் போர்த்தும்போதுதான் தொல்லை வருகிறது.

எந்த வழியானாலும் முதல் சந்திப்பிலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்: "கீழ்க்கண்ட நிறுவனங்களிடமிருந்து நானோ என் குடும்பத்தினரோ என் நிறுவனமோ கடந்த மூன்று ஆண்டுகளில் கமிஷன், பங்கு, பயணச் செலவு, பரிசு அல்லது வேலை வாய்ப்புப் பெற்றிருக்கிறோம், இந்தப் பணியின் மூலம் பெற வாய்ப்புள்ள தொகை இன்னது, இவற்றில் மாற்றம் ஏற்பட்டால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிப்பேன்." இதைப் படித்துவிட்டு ஓடுகிற வாடிக்கையாளர் மிகச் சிலர்தாம். பின்னர்த் தெரிந்துகொண்டு ஓடுகிறவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே ஓடுவார்.

கேள்வி: எங்கள் நகராட்சியில் ஒரு கணினித் திட்டத்துக்கு ஆலோசனை அறிக்கை எழுதிய நிறுவனமே அந்த வேலைக்கும் போட்டியிடுவதாகக் கேள்விப்படுகிறேன். இதற்கு விதி இருக்கிறதா?
— நகர்மன்ற உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மத்திய நிதி அமைச்சகத்தின் ஆலோசனைப் பணிக் கொள்முதல் கையேட்டிலும் உலக வங்கியின் கொள்முதல் விதிகளிலும் இதற்கு நேரான தடை இருக்கிறது: திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்த ஆலோசகரும் அவருடைய கிளை நிறுவனங்களும், அதிலிருந்து பிறக்கும் பொருள் வழங்கலுக்கோ பணிக்கோ போட்டியிடக் கூடாது. அமெரிக்க அரசின் கொள்முதல் முறையில் இதை மூன்றாகப் பிரிப்பார்கள்: மற்றப் போட்டியாளருக்குக் கிடைக்காத தகவல் ஒருவருக்கு மட்டும் கிடைத்திருப்பது, போட்டியின் விதிகளை ஒரு போட்டியாளரே எழுதியிருப்பது, தம் வேலையைத் தாமே மதிப்பிடும் நிலையில் இருப்பது. நீங்கள் சொல்வது உண்மையானால் முதல் இரண்டும் ஒருசேர இருக்கின்றன.

உங்கள் நகராட்சிக்குப் பொருந்துவது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டமும் அதன்கீழ் 2000இல் வந்த விதிகளும். திட்டத்துக்கு மத்திய அரசின் பணமோ உலக வங்கிக் கடனோ வருகிறதா என்று முதலில் பாருங்கள். பணம் வரும் வழியைப் பொறுத்தே அந்தந்த விதிகளும் கூடவே வரும். பிறகு, கேள்விப்பட்டதை மன்றக் கூட்டத்தில் பேசுமுன், ஆலோசகரோடு செய்த ஒப்பந்தம், அவர் கொடுத்த நலன் முரண்பாட்டு உறுதிமொழி, ஒப்பந்தப் புள்ளி ஆவணம் ஆகிய மூன்றையும் உறுப்பினர் என்ற முறையிலோ, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழோ கேட்டு வாங்குங்கள். உறுதிமொழி என்ற ஒன்றே வாங்கப்படவில்லை என்று பதில் வந்தால், பேசுவதற்கு அதுவே போதும்.

வாங்குபவர் பக்கத்து அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதால் இதையும் சேர்க்கிறேன். உலக வங்கியின் ஊழியர்களுக்கு முறையற்ற ஆதாயம் அளித்ததற்காகச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தை அந்த வங்கி 2008இல் எட்டு ஆண்டுகளுக்குத் தன் ஒப்பந்தங்களிலிருந்து விலக்கியது. விப்ரோவையும் 2007இலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு விலக்கியிருந்தது 2009 ஜனவரியில் வெளியானது; 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையில் பங்கு வெளியிட்டபோது வங்கி ஊழியர் சிலருக்கும் பங்கு வாங்கும் வாய்ப்பைத் தந்ததே அதற்குக் காரணம். அது விதிகளுக்கு உட்பட்ட வெளிப்படையான திட்டம்தான் என்று விப்ரோ சொன்னது. விற்பவர் பக்கத்தில் சரியாக இருக்கும் ஒன்று, வாங்குபவர் மேசைக்கு வந்ததும் பிழையாகிவிடலாம்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே மாட்டிக்கொண்டோம். ஆலோசகர் அந்த மென்பொருள் நிறுவனத்தின் உரிமையாளருக்கு மைத்துனர் என்பது இரண்டு ஆண்டு கழித்துத் தெரிகிறது. மென்பொருள் ஓரளவு ஓடுகிறது, மாற்றவும் பயம். என்ன செய்யலாம்?
— பள்ளித் தாளாளர், நாகர்கோவில்

பதில்: ஓரளவு ஓடுகிற மென்பொருளைக் கோபத்தில் தூக்கி எறியாதீர்கள். மைத்துனர் பரிந்துரைத்ததாலேயே அது கெட்ட மென்பொருள் ஆகிவிடாது. ஆலோசகரை மட்டும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, நிறுவனத்தோடு நேரடியாகப் பேசுங்கள்.

பேசுமுன், உங்கள் மாணவர் விவரம், கட்டண பாக்கி, மதிப்பெண் ஆகிய எல்லாவற்றையும் அந்த மென்பொருளிலிருந்து வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முழுத் தரவையும் சாதாரண எக்செல் கோப்புகளாகக் கேட்டு, ஒரு வகுப்பின் கட்டணக் கணக்கை உங்கள் காசாளரைக் கொண்டு அந்தக் கோப்பிலிருந்தே போட்டுப் பாருங்கள். கணக்குச் சரியாக வந்தால் நீங்கள் எந்த நாளும் வெளியேற முடியும். அது தெரிந்த நிறுவனம் விலையையும் மரியாதையாகவே பேசும். வராவிட்டால், தரவைக் கொடுக்கும் கடமையை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே அடுத்த ஆண்டுக்குப் பணம் என்று எழுதுங்கள். உங்கள் ஏ.எம்.சி. எந்த மாதம் முடிகிறது என்று கடிதத்தில் இல்லை. கல்வியாண்டுத் தொடக்கத்தில் என்றால், கட்டண வசூல் நெருக்கடி வருமுன் ஏப்ரலுக்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.